வீட்டுக் கணக்கும் ஊர்க் கணக்கும்



கணிதத் துறைச் சொற்பொழிவு என்றதும் கரும்பலகை கொள்ளாமல் சமன்பாடு வரும் என்று பயந்து வந்தவர்கள் நிம்மதியாக உட்காரலாம். ஒரே ஒரு கணக்கை மட்டும் முழுதாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், 1926-இல் அச்சான கணக்கு அது. இந்தியக் கிராமம் ஒன்றில் காலரா வந்தபோது வீடு வீடாக எடுத்த விவரம்.

அந்த ஊரில் 223 வீடுகள். அவற்றில் 168 வீடுகளில் ஒருவருக்கும் நோய் இல்லை. 32 வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார். 16 வீடுகளில் இரண்டு பேர். 6 வீடுகளில் மூன்று பேர். ஒரே ஒரு வீட்டில் நான்கு பேர். கூட்டினால் 86 நோயாளிகள். இதைக் கையில் எடுத்தவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தொழிலால் மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கசௌலியில் உள்ள பாஸ்டர் நிலையத்துக்குத் தலைமை தாங்கி, உடல்நலம் கெட்டு 1920-இல் எடின்பரோ திரும்பியவர்.

86 பேரை 223 வீடுகளுக்குக் குருட்டாம்போக்கில் பங்கிட்டால் என்ன வரும்? சராசரி வீட்டுக்கு 0.39 பேர். பாய்சான் பரவல் தெரிந்த மாணவர்கள் இப்போதே போட்டுப் பார்க்கலாம். நோயே இல்லாத வீடுகள் சுமார் 152 இருக்க வேண்டும்; இருந்ததோ 168. ஒருவர் மட்டும் நோயுற்ற வீடுகள் 58 அல்லது 59 இருக்க வேண்டும், இருந்ததோ 32. மூன்று பேர் நோயுற்ற வீடு ஒன்றோ இரண்டோ வரலாம், வந்ததோ ஆறு. எங்கு பார்த்தாலும் இடிக்கிறது.

காலராதான் ஒட்டுவாரொட்டி ஆயிற்றே, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வராதா என்று சொல்லிக் கணக்கை மூடிவிடலாம். மெக்கென்ட்ரிக் மூடவில்லை. நோய் இல்லாத 168 வீடுகளை அப்படியே மறைத்துவிட்டார். மீதி 55 வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில் இப்படி ஒரு பங்கீடு வர வேண்டுமானால் மொத்தம் எத்தனை வீடுகள் ஆட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்டார். விடை 93 வந்தது. அந்த 93-இல் சுமார் 37 வீடுகள் அதிர்ஷ்டத்தால் தப்பியவை. இந்த எண்ணை வைத்து மறுபடி போட்டால் ஒருவர் படுத்த வீடு 34, இருவர் படுத்த வீடு 16, மூவர் படுத்த வீடு 5, நால்வர் படுத்த வீடு 1 என்று வருகிறது. உண்மைக் கணக்கை ஒட்டி நிற்கிறது. அப்படியானால் மற்ற 130 வீடுகளுக்கு நோய் எட்டவே இல்லை என்று ஆகிறது. ஊரில் பல கிணறுகள் இருக்க வேண்டும், 93 வீட்டார் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும், கெட்டது அந்தக் கிணறு என்று அவர் ஊகித்தார். ஊருக்குள் போய் விசாரித்தபோது அப்படித்தான் இருந்தது என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

86 என்ற ஒற்றை எண் எந்த மேலதிகாரியின் கோப்பிலும் இருந்திருக்கும். அதை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதற்குள் கிணறு தெரியாது. ஒவ்வொரு நோயாளியின் வயது, உணவு, நடமாட்டம் என்று 86 தனி வரலாறுகளை அடுக்கியிருந்தாலும் கிணறு கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. வீடு என்ற அளவில் நின்று பார்த்ததால் தெரிந்தது. இன்று நான் சொல்ல வந்ததும் இந்த நிற்கும் இடத்தைப் பற்றித்தான்.

காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கிற எதையும் கணிதத்தில் இயங்கு அமைப்பு என்கிறோம். அதற்கு மாதிரி கட்ட உட்காரும்போது முதல் முடிவு, எதை ஓர் அலகாக எண்ணுவது என்பது. ஊரையா, வீட்டையா, ஆளையா, ஆளின் உடம்புக்குள் இருக்கும் கிருமியையா? வரப்புத் தகராறு என்றால் சர்வேயர் கொண்டுவரும் எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படம் வேண்டும், திருச்சிக்கு வழி கேட்பவரிடம் அதை நீட்டினால் சிரிப்பார். மாதிரிகளும் அப்படித்தான் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் நடைமுறையில் இரண்டு மூடநம்பிக்கைகள் நம்மிடையே உலவுகின்றன. தரவோடு கோடு பொருந்திவிட்டால் நின்ற இடம் சரி என்பது ஒன்று. விவரம் கூடக் கூட உண்மை கூடும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு நல்ல மருந்து அதே மெக்கென்ட்ரிக்கின் அடுத்த ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது.

1927-இல் வில்லியம் கெர்மாக் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்டது அந்தக் கட்டுரை. கெர்மாக் வேதியியலாளர், 1924-இல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். அதற்குப் பிறகு அவர் போட்ட கணிதமெல்லாம் மனக்கணக்கு. கொள்ளைநோய்க் கணிதத்தின் அடிக்கல் என்று இன்றும் எம்.எஸ்சி. வகுப்பில் நாம் நடத்தும் எஸ்.ஐ.ஆர். மாதிரி இதிலிருந்து வந்ததுதான். மக்களை மூன்று கூடையில் போடுங்கள்: தொற்றக்கூடியவர், தொற்றியவர், ஆட்டத்தைவிட்டு விலகியவர். விலகியவர் என்றால் குணமானவரும்தான், இறந்தவரும்தான். முதல் கூடையிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் ஆட்கள் நகரும் வேகத்தை எழுதினால் முடிந்தது. யாருக்கும் பெயர் இல்லை, தெரு இல்லை. ஊரே ஒரு பாத்திரத்தில் கலக்கி வைத்த திரவம்.

அந்தக் கட்டுரையில் ஒரு படம் உண்டு. பம்பாய் நகரில் 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை வாரந்தோறும் பிளேக்கால் இறந்தவர்களின் எண்ணிக்கை புள்ளிகளாகவும், சமன்பாட்டின் விடை கோடாகவும் வரையப்பட்ட படம். பதினேழாம் வாரத்தில், அதாவது ஏப்ரல் நடுவில், வாரத்துக்கு 890 சாவு என்று உச்சம் தொட்டு, ஏறிய அதே சாய்வில் இறங்குகிறது கோடு. புள்ளிகள் அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மூன்று எண்களைச் சரிசெய்து இவ்வளவு பொருத்தமா என்று இளம் வயதில் நானும் மலைத்திருக்கிறேன். பாடநூல் எழுதுபவர்கள் இன்றும் மலைக்கிறார்கள்.

இப்போது கோட்டை விட்டுவிட்டுப் பம்பாய்க்குள் போவோம். கொள்ளைநோய் ஏன் இறங்குகிறது என்று எஸ்.ஐ.ஆர். மாதிரியைக் கேட்டால், தொற்றக்கூடியவர்கள் தீர்ந்துகொண்டே வருவதால் என்று பதில் சொல்லும். எரிய விறகு குறைந்தது, தீ அடங்கியது. ஆனால் அந்தக் கோட்டின் கீழுள்ள சாவுகளைக் கூட்டினால் ஏறத்தாழ 9,000தான் தேறும். நகரின் மக்கள்தொகையோ பத்து லட்சத்தை நெருங்கியது. பத்து லட்சம் பேரில் ஒன்பதாயிரம் பேர் போனதும் விறகு தீர்ந்துவிட்டதா? அதோடு, பம்பாயில் பிளேக் புகுந்தது 1896-இல். அன்றுமுதல் ஆண்டுதோறும் குளிர் மாதங்களில் கிளம்பி, வெயில் ஏறியதும் அடங்கி, அடுத்த குளிருக்கு மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது. அது எலிகளின் நோய். எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருவது. தெள்ளுப்பூச்சிக்கு வெயில் ஆகாது. மே மாதத்தில் சாவு குறைந்ததில் பருவத்தின் பங்கு பெரிது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிக்கோலா பகாயெர் 2012-இல் இதை விரிவாக ஆராய்ந்து, பருவத்தைச் சேர்க்காமல் அந்தப் பொருத்தத்துக்குப் பொருளே இல்லை என்று காட்டினார்.

ஆக, விறகு தீர்வதும் மணி வடிவக் கோடு தருகிறது. பருவம் மாறுவதும் அதே கோட்டைத் தருகிறது. இந்த ஆண்டுக்கு மட்டும் கோடு போடுவதானால் எது என்றாலும் ஒன்றுதான். ‘அடுத்த ஆண்டு வருமா?’ என்று கேட்டால்தான் இரண்டும் பிரிகின்றன.

கட்டுரை ஆசிரியர்கள்மீது குறை சொல்ல மாட்டேன். மனிதப் பிளேக் எலிப் பிளேக்கின் நிழல் என்பதையும், தாங்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் எதுவும் முழுமையாகப் பொருந்தாது என்பதையும், இது மிகத் தோராயமான கணக்கு என்பதையும் அவர்களே படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அதுமட்டுமல்ல, ஒருவருக்குத் தொற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்துப் பரப்பும் வேகம் மாறலாம் என்று இன்னும் நுணுக்கமான மாதிரியைத்தான் முதலில் கட்டினார்கள். மூன்று கூடை மாதிரி அதன் ஒரு எளிய சிறப்பு நிலை. நமது பாடத்திட்டம் எளியதை எடுத்துக்கொண்டது, படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது. தேர்வில் எச்சரிக்கைக்கு மதிப்பெண் கிடையாதல்லவா!

இதைக் கேட்டுவிட்டு, தூர நின்று பார்ப்பதே தப்பு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். தூர நின்றால் மட்டும் தெரிகிற உண்மைகள் உண்டு. ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவ்வளவு நெருக்கத்தில் பார்த்த அதே மனிதர்தான் பிறகு பின்வாங்கி நின்று, மனிதர் கூட்டம் ஒன்று, கொசுக் கூட்டம் ஒன்று என்று இரண்டே அலகில் சமன்பாடு எழுதினார். அதற்குக் காரணமும் இருந்தது. லாகூரை அடுத்த மியான் மிர் படைமுகாமில் குட்டைகளைத் தூர்த்துக் கொசு ஒழிக்கும் முயற்சி 1900-களின் தொடக்கத்தில் நடந்தது, மலேரியா குறையவில்லை. கொசுவை ஒழித்துப் பயனில்லை, வேண்டுமானால் ஒரு கொசு விடாமல் ஒழித்தாக வேண்டும், அது ஆகிற காரியமா என்று எதிர்த்தரப்பு சொன்னது. ராஸின் கணக்கு வேறு விடை தந்தது. தலைக்கு இத்தனை கொசு என்ற ஒரு எல்லை உண்டு. அதற்கு மேலே இருக்கும்வரை எவ்வளவு குறைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது; எல்லைக்குக் கீழே போனால், கொசு மிச்சம் இருந்தாலும் நோய் தானாக மங்கும். கடைசிக் கொசுவரை துரத்த வேண்டியதில்லை. எந்தத் தனிக் கொசுவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த எல்லை தெரியாது. அது கூட்டத்தின் குணம்.

பிறகு ஜார்ஜ் மெக்டொனால்டு 1950-களில் ஒரே ஒரு படி கீழே இறங்கினார். கொசுக்கள் எத்தனை என்பதோடு, கொசுவின் வயது என்ன என்பதையும் சேர்த்தார். காரணம் எளியது. கிருமியைக் குடித்த கொசு உடனே பரப்பாது. அதன் உடம்புக்குள் கிருமி முதிர ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடிருக்க வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கு 90 கொசு பிழைக்கிறது என்றால் பத்து நாள் தாண்டுவது 35. நாளொன்றுக்கு 80 பிழைக்கிறது என்றால் பத்து நாள் தாண்டுவது 11 மட்டுமே. தாண்டிய பிறகு மிச்சமிருக்கும் ஆயுளும் பாதியாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பும் திறன் ஏழில் ஒரு பங்காகச் சரிகிறது. முட்டையிலேயே அழித்துக் கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் திறனும் பாதிதான் குறையும். வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்து, குடித்துவிட்டு ஓய்வெடுக்க வந்து உட்காரும் வளர்ந்த கொசுவைக் கொல்வதற்குக் கணிதத்தின் ஆதரவு இங்கிருந்து கிடைத்தது. இலங்கையில் 1963-இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவானார்கள். தெளிப்பு தளர்ந்தபின் 1968, 69-இல் லட்சக்கணக்கில் திரும்ப வந்தது. பணம் குறையும், ஆட்கள் சலிப்படைவார்கள், பூச்சி மருந்துக்குப் பழகும் என்பதற்கெல்லாம் அந்தச் சமன்பாட்டில் இடமில்லை. மெக்டொனால்டு எடுத்துக்கொண்ட கேள்வியும் அதுவல்ல.

தூர நிற்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு நரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் நரிகளிடையே வெறிநோய் பரவுவது பற்றி 1986-இல் ஜேம்ஸ் மர்ரேயும் வேறு இருவரும் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். சதுர கிலோமீட்டருக்கு இத்தனை நரி என்று அடர்த்தியாக எழுதிய வகைக்கெழுச் சமன்பாடு. நோய் ஒரு அலையாக வந்து போகும். பிறகு சில ஆண்டு கழித்து, நரிகள் மறுபடி பெருகியதும், இரண்டாவது அலை எழும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 1991-இல் டெனிஸ் மாலிசன் அந்த இரண்டு அலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். நோயுற்ற நரியின் அடர்த்தி அங்கே பத்தின் கழித்தல் பதினெட்டாம் அடுக்கு அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு நரியைக் கோடியாக வெட்டி, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாக வெட்டி, அதை இன்னும் பத்தாயிரமாக வெட்டினால் வருகிற துணுக்கு. அந்தத் துணுக்குக்கு வெறி பிடித்து, அது மற்ற நரிகளைக் கடித்து, இரண்டாவது அலையைக் கிளப்பிவிட்டது! மாலிசன் அதற்கு ‘அட்டோ நரி’ என்று பெயர் வைத்தார். அட்டோ என்பது அந்தப் பின்னத்துக்கு அறிவியலில் உள்ள முன்னொட்டு.

சிரித்துவிட்டீர்கள், ஆனால் இது கிண்டலோடு முடிகிற விஷயமில்லை. கூட்டம் பெரிதாக இருக்கும்வரை நரியைத் தொடர்ச்சியான அளவாக எடுக்கலாம். ஒன்று, இரண்டு என்று வந்துவிட்டால் அது பூஜ்யத்துக்கும் போகலாம், போனால் திரும்பாது. தட்டம்மையில் இதை எண்ணிப் பார்த்தவர் மாரிஸ் பார்ட்லெட். 1950-களின் இறுதியில் ஆங்கிலேய நகரங்களின் பதிவுகளை ஆராய்ந்து, இரண்டரை முதல் மூன்று லட்சம் மக்களுக்குக் குறைந்த நகரங்களில் தட்டம்மை அவ்வப்போது முற்றிலும் அணைந்துபோகிறது, வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் மறுபடி வருகிறது என்று காட்டினார். பெருநகருக்கு எழுதிய சமன்பாட்டைச் சிற்றூருக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே நோய், ஒரே கிருமி. ஊரின் அளவு மாறினால் நாம் நிற்க வேண்டிய இடமும் மாறுகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஆள் ஆளாகவே எழுதிவிடுவோமே, கணினிதான் இருக்கிறதே என்று கேட்கலாம். இரண்டாவது மூடநம்பிக்கைக்கு வந்துவிட்டோம். 2020 மார்ச் 16-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் குழு வெளியிட்ட அறிக்கை, எதுவும் செய்யாவிட்டால் பிரிட்டனில் ஐந்து லட்சம் பேர்வரை இறக்கலாம் என்றது. அதன் பின்னாலிருந்த மாதிரி ஆள் ஆளாக எழுதப்பட்டது. வீடு, பள்ளி, பணியிடம் எல்லாம் உண்டு. முன்பு இன்ஃப்ளுயென்சாவுக்கு என்று கட்டியதைக் கொரோனாவுக்கு மாற்றியமைத்தார்கள். அதன் நிரலை வேறொரு குழு எடுத்து ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டது. உள்ளே கொடுக்க வேண்டிய எண்கள் 940. முடிவில் வரும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கை நிர்ணயித்தவை அவற்றில் மூன்றே மூன்று: தொற்றியபின் பரப்பத் தொடங்க எத்தனை நாள் ஆகும், நோயாளி தனிமைக்குப் போக எவ்வளவு தாமதம் ஆகும், சமூக இடைவெளி எவ்வளவு பலிக்கும் என்பவை. இந்த மூன்றையும் அன்று யாரும் துல்லியமாக அறிந்திருக்கவில்லை. மற்ற 937-ஐ எவ்வளவு நுணுக்கமாகக் கொடுத்தாலும் இந்த மூன்றின் இருட்டு குறையாது. எத்தனை படுக்கை, எந்த மாதத்தில் வேண்டும் என்ற கேள்விக்கு நாலைந்து கூடை வைத்த மாதிரியும் ஏறக்குறைய இதே அளவு விடையைத் தந்திருக்கும். அது எங்கே தவறும் என்பதைக் காகிதத்தில் போட்டுக் கண்டுபிடிக்கவும் முடியும்.

ஆனால் பள்ளியை மூடலாமா, அலுவலகத்தை மூடலாமா என்று கேட்டால் கூடை மாதிரி கையை விரித்துவிடும். பள்ளி என்ற ஒன்று அதற்குத் தெரியாது. இங்கே ஆள் கணக்கு வேண்டும். எனக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனைதான்: எந்தக் கேள்விக்காக ஒரு படி கீழே இறங்குகிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் பலர் இறங்கிவிட்டுக் கேள்வியைத் தேடுகிறார்கள். வழிகாட்டிகளும் தேடவிடுகிறோம்.

நம் மாநிலத்திலிருந்தே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2020-இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளின் தொடர்புகளைத் தேடித் தேடி எழுதினார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேர். ரமணன் லக்ஷ்மிநாராயண் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. தொடர்புகள் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடமிருந்து ஒருவருக்கும் பரவியதாகத் தெரியவில்லை. புதிய தொற்றுகளில் 60 விழுக்காடு, வெறும் 8 விழுக்காட்டு நோயாளிகளிடமிருந்து போயிருந்தது.

‘ஆர் மதிப்பு இரண்டு’ என்று அந்த நாட்களில் தொலைக்காட்சியில் தினமும் கேட்டோம். ஒருவர் இருவருக்குக் கொடுப்பார் என்றே நம் காதில் விழுந்தது. பெரும்பாலோர் யாருக்கும் கொடுக்கவில்லை, சிலர் கூட்டமாகக் கொடுத்தார்கள் என்பது சராசரிக்குள் மறைந்துபோயிற்று. கோயம்பேட்டுச் சந்தையை 2020 மே முதல் வாரத்தில் மூடுவதற்குள் அங்கிருந்து மூட்டைத் தொழிலாளிகளும் வியாபாரிகளும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் போய்விட்டிருந்தார்கள். அந்த மாவட்டங்களில் நோய்க் கணக்கு ஒரேயடியாக எகிறியது.

பரவல் இப்படி ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது தொடர்புகளைத் தேடும் திசையும் மாறுகிறது. இந்த நோயாளி இனி யாருக்குக் கொடுப்பார் என்று முன்னோக்கித் தேடினால் பத்தில் ஏழு முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். இவர் யாரிடமிருந்து, எந்த இடத்திலிருந்து வாங்கினார் என்று பின்னோக்கிப் போனால், பலருக்குக் கொடுத்த ஒருவரிடமோ ஒரு கூட்டத்திடமோ போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். கொடுத்தவர்களின் பட்டியலில் நிறையக் கொடுத்தவர்தானே அடிக்கடி வருவார். ஜப்பான் 2020-இன் தொடக்க மாதங்களில் இந்த முறையை வைத்துத்தான் கொத்துக் கொத்தாகத் தொற்றைத் தேடியது. எஸ்.ஐ.ஆர். சமன்பாட்டுக்குள் ‘யாரிடமிருந்து’ என்ற கேள்வியை எழுதவே வழியில்லை. அதில் இருப்பது எண்ணிக்கை, உறவுகள் இல்லை. ஆள்களைப் புள்ளியாகவும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கோடாகவும் வரைந்தால் கேள்வி உடனே எழுகிறது. அதற்கு 940 எண்கள் தேவைப்படவில்லை. நோயாளிவாரியாக ஒரே ஒரு எண், இவர் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு எண்ணை வெயிலில் தெருத்தெருவாகப் போய் எழுதிவந்தவர்கள் நம் கிராம சுகாதாரச் செவிலியர்களும் களப் பணியாளர்களும்.